பால் வெர்ஜெஸின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரெயூனியன் தீவின் கம்யூனிஸ்ட் தலைவரான பால் வெர்ஜெஸைப் பற்றி எழுத அமர்பவர், அவர் வகித்த பதவிகளின் பட்டியலை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, தீவுக்கும் பிரான்சுக்கும் இடையிலான சட்ட உறவு எந்தெந்த ஆண்டில் எவ்வாறு மாறியது என்பதைத் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அவரது அரசியல் முழுவதும் அந்த உறவைச் சுற்றியே நடந்தது.

1946 மார்ச் 19ஆம் தேதிச் சட்டம், குடியேற்ற நாடாக இருந்த தீவைப் பிரான்சின் உள்நாட்டு மாவட்டங்களுக்கு நிகரான கடல்கடந்த மாவட்டமாக்கியது. அதற்காகப் போராடியவர்களில் பாலின் தந்தை ரேமோன் வெர்ஜெஸ் முக்கியமானவர். மகனோ 1959இல் ரெயூனியன் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவித் தன்னாட்சி கோரினார். தந்தையை மகன் மறுத்தார் என்று எழுதிவிடத் தோன்றும், அது தவறு. சட்டம் உறுதியளித்த சமத்துவம் தீவுக்கு வந்து சேரவில்லை என்பதே மகனின் வாதம். பிரான்சில் வழங்கப்படும் அதே குறைந்தபட்ச ஊதியம் ரெயூனியனுக்கு 1996இல்தான் கிடைத்தது என்பதை இவ்விடத்தில் சொன்னால் வாசகருக்கு அந்த வாதம் தானே விளங்கும். தன்னாட்சியைச் சுதந்திரம் என்று மாற்றி எழுதி, அவரை விடுதலைப் போராளியாக்கும் பிழையையும் தவிர்க்க வேண்டும்.

பிறப்பு பற்றிய வரியில் அவசரம் கூடாது. அவர் சயாமில் (இன்றைய தாய்லாந்தில்), வியட்நாமியத் தாய்க்குப் பிறந்தவர். பதிவின்படி, பின்னாளில் புகழ்பெற்ற வழக்கறிஞரான ஜாக் வெர்ஜெஸும் அவரும் 1925 மார்ச் 5 அன்று பிறந்த இரட்டையர். ஜாக் அதற்கு முன்பே பிறந்தவர் என்ற கூற்றும் உண்டு. முதலில் பதிவையும், அடுத்த வாக்கியத்தில் ஐயத்தையும் எழுதுக. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் எது எதுவென்று தெரியாமல் போகும்.

இதைவிடக் கடினமானது 1946 மே மாத நிகழ்வு. ரேமோனின் தேர்தல் எதிராளியான அலெக்சி த வில்நெவ், தீவின் தலைநகரான சான் தெனியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பாலுக்கு 1947இல் லியோன் நீதிமன்றம் ஐந்தாண்டுத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. பின்னர் பொதுமன்னிப்பு கிடைத்தது. இங்கே பெயரடை ஒன்றுகூட வேண்டாம். அபிமானிகள் இப்பகுதியை விழுங்கிவிடுவார்கள், எதிரிகள் இதை மட்டுமே எழுதுவார்கள்.

தீவில் தமிழ் வழிவந்த 'மல்பார்' மக்கள் கணிசமாக வாழ்வதால், நம்மவர் எழுதும்போது பேச்சு அங்கே தாவிவிடும் (நானும் தாவியிருக்கிறேன்). கரும்புத் தோட்டத் தொழிலாளர் அரசியலைச் சொல்லுமிடத்தில் ஒரு வரி போதும்.

1964 முதல் 1966 வரையிலான தலைமறைவு வாழ்க்கைக்குத் தனிப்பத்தி ஒதுக்கலாம். லெ போர் நகர மேயர் பதவி, ஐரோப்பிய நாடாளுமன்றம், 1998 முதல் 2010 வரை பிராந்திய மன்றத் தலைமை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, முதுமையில் பருவநிலை மாற்றத்துக்கான பிரான்சின் தேசியக் கண்காணிப்பு அமைப்புக்குத் தலைமை ஏற்றதைச் சற்று விரித்து எழுதுக. 2016 நவம்பர் 12 அன்று 91 வயதில் காலமானபோதும் அவர் செனட் உறுப்பினராகவே இருந்தமையால், 'ஓய்வுக்காலம்' என்ற தலைப்பு இக்குறிப்புக்குத் தேவைப்படாது.