பிரைமரி கருத்துக் கணிப்பைப் படிப்பது எப்படி? மிச்சிகன் 2016-ஐ வைத்து ஒரு செய்முறை

அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதுதான் பிரைமரி. இதற்காக எடுக்கும் கருத்துக் கணிப்புகள் பொதுத்தேர்தல் கணிப்புகளைவிட அடிக்கடி சறுக்கும். போட்டியிடும் எல்லாரும் ஒரே கட்சி என்பதால், கட்சிப் பற்றை வைத்து யார் ஓட்டு யாருக்கு என்று சொல்ல முடியாது. கடைசி நாளில்கூட மனம் மாறலாம்.

பயிற்சிக்கு மிச்சிகனை எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச் 8 அன்று அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரி நடந்தது. கணிப்புகளின் சராசரியில் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளிகள் முன்னிலை. அவர் வெல்ல 99 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்றது தேர்தல் கணிப்புகளை அலசும் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம். ஜெயித்தது அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ், சுமார் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில்.

படி 1: தேதியைப் பாருங்கள்

செய்தி வெளியான தேதியை விடுங்கள்; கேள்வி கேட்ட நாட்கள் எவை என்று தேடுங்கள். மிச்சிகனில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்புதான் ஃபிளின்ட் நகரில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அதற்கு முன்பே கேட்டு முடித்த கணிப்பில் அந்த விவாதத்தின் தாக்கம் எப்படி இருக்கும்?

படி 2: யாரைக் கேட்டார்கள்?

பாதி நேரத்தை இங்கேயே செலவிடுங்கள்.

முதலில் மாநிலத்தின் விதி. நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் கட்சியில் பதிவு செய்தவர்தான் அக்கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். மிச்சிகனில் கட்சிப் பதிவே கிடையாது. எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்சி சாராதவர்கள் திரளாக வந்தால் கணக்கே மாறும். வந்தார்கள், பெரும்பாலும் சாண்டர்ஸுக்குப் போட்டார்கள்.

அடுத்து, 'ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்கள்' என்று கணிப்பு நிறுவனம் யாரைக் கருதியது என்பது. வழக்கமாக முந்தைய பிரைமரியைப் பார்த்துத்தான் இதை ஊகிப்பார்கள். மிச்சிகனில் அதற்கும் வழியில்லை. 2008-இல் மாநிலம் கட்சி விதியை மீறி பிரைமரி தேதியை முன்னால் கொண்டுவந்ததால், ஒபாமா தன் பெயரையே வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். அந்தத் தேர்தலை வைத்து எதை அளப்பது?

இந்த ஊகம் எவ்வளவு ஆட்டிவைக்கும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான்: 30 வயதுக்குட்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் சாண்டர்ஸ் பக்கம், மற்றவர்களில் 42 சதவீதம் என்று கொள்வோம்.

- வாக்காளர்களில் இளைஞர்கள் 10 சதவீதம் என்றால்: 8 + 37.8 = 45.8. எட்டுப் புள்ளிக்கு மேல் தோல்வி.
- 20 சதவீதம் என்றால்: 16 + 33.6 = 49.6. கிட்டத்தட்ட சமம்.

யாரும் பதிலை மாற்றவில்லை. இளைஞர்களின் பங்கை மட்டும் மாற்றினோம்.

படி 3: எப்படிக் கேட்டார்கள்?

தானியங்கிக் குரல் அழைப்பை முன் அனுமதியின்றி செல்போனுக்குச் செய்ய அமெரிக்கச் சட்டம் விடாது. அதனால் அந்த வகைக் கணிப்புகள் லேண்ட்லைனையே நம்பியிருந்தன. லேண்ட்லைனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்பவர் பெரும்பாலும் வயதானவர். படி 2-இல் போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: பிழை வரம்பு

சிலரை மட்டுமே கேட்பதால் கணிப்பின் எண் மேலும் கீழும் எவ்வளவு விலகலாம் என்பதுதான் பிழை வரம்பு. 400 பேரைக் கேட்டால் சுமார் ±5 புள்ளி, ஆயிரம் பேர் என்றால் ±3. இது ஒருவர் வாங்கும் சதவீதத்துக்கான வரம்பு. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 400 பேரில் 6 புள்ளி முன்னிலை என்று தலைப்புச் செய்தி வந்தால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே கணிப்பில் 'இளைஞர்கள் மத்தியில்' என்று தனி எண் கொடுத்திருந்தால், அது 50 பேரின் பதிலாகக்கூட இருக்கலாம்.

முக்கியமாக, யாரைக் கேட்பது என்பதில் நேரும் தவறு இந்த வரம்புக்குள் அடங்கவே அடங்காது.

படி 5: சராசரி

ஒரே கணிப்பை நம்பாமல் சராசரியைப் பார் என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதில் சேர்ந்தவை எல்லாம் ஒரே மாதிரி ஊகித்திருந்தால், ஒரே பக்கம் சாய்ந்த பத்துத் தராசுகளில் நிறுத்தது மாதிரிதான். வேட்பாளரின் முகாமே காசு கொடுத்து எடுத்த கணிப்பு வெளியே வந்தால், எதற்காக விட்டார்கள் என்று கேளுங்கள். 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்பவர்கள் முன்னிலையைவிட அதிகம் என்றால் முன்னிலையை மறந்துவிடலாம்.

படி 6: ஜெயிப்பதில் என்ன கிடைக்கும்?

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு ஓட்டு விகிதப்படி மாநாட்டுப் பிரதிநிதிகள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுபவர்கள், கிடைப்பார்கள். மிச்சிகனில் சாண்டர்ஸுக்கு 67, ஹிலாரிக்கு 63. அதே நாளில் மிசிசிப்பியில் ஹிலாரி மிகப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால், அன்றைய மொத்தக் கணக்கில் கூடுதல் பிரதிநிதிகள் அவருக்குத்தான்.