வீட்டில் செய்த ஸ்பீக்கருக்குக் கிராஸ்ஓவர்: அளந்த பிறகு சூத்திரம்

கிராஸ்ஓவர் என்பது ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது எனப் பிரித்து வெவ்வேறு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மின்சுற்று. நான் செய்த முதல் கிராஸ்ஓவரில் கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது, கேட்கத்தான் முடியவில்லை. ‘ச’ வருகிற இடமெல்லாம் சீறியது. பாடகியின் குரல் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான வூஃபரின் முதுகில் அச்சிட்டிருந்த ‘8 ஓம்’ என்ற எண்ணை அப்படியே நம்பிச் சூத்திரத்தில் போட்டதுதான் நான் செய்த தவறு.

இந்த விளக்கம் முழுக்க ஒரே உதாரணத்தோடு போகிறது: 6.5 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கான 1 அங்குல டோம் ட்வீட்டர், 20 செ.மீ. அகலமுள்ள பெட்டி. காயில் தாழ்ந்த ஒலியை விட்டு உயர்ந்ததைத் தடுக்கும். கெப்பாசிட்டர் அதற்கு நேர்மாறு. அடிப்படை இவ்வளவுதான்.

படி 1: எங்கே பிரிப்பது?

கீழ் எல்லையைச் சொல்வது ட்வீட்டர். அதன் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே அதிகம் அதிரும் இடம், 900 ஹெர்ட்ஸ் என்றால், அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 1800-க்கு மேல்தான் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். மேல் எல்லையைச் சொல்வது வூஃபர். 6.5 அங்குலம் என்றாலும் அசைகிற கூம்பின் விட்டம் ஏறத்தாழ 13 செ.மீ. ஒலியின் அலைநீளம் அந்த அளவுக்குக் குறுகும்போது, அதாவது 2600 ஹெர்ட்ஸ் வாக்கில், ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேரே மட்டும் பாயத் தொடங்கும். இடையில் 2200-ஐ எடுத்துக்கொள்வோம். அங்கே அலைநீளம் 15.6 செ.மீ.; இரண்டு ஸ்பீக்கர்களின் மையங்களும் அதற்குள் அடங்கும்படி நெருக்கிப் பொருத்துங்கள்.

படி 2: அளவெடுங்கள்

பலரும் தாண்டிக் குதிக்கிற படி இதுதான். ஓர் அளவீட்டு மைக்கும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளும் போதும்.

பெட்டியை அறையின் நடுவில், ட்வீட்டர் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு ஒரு ஸ்டூலில் வையுங்கள். மைக் அதே உயரத்தில், 1 மீட்டர் தள்ளி. நேராக வரும் ஒலி 1 மீட்டர் பயணிக்கிறது. தரையில் பட்டு வருவது 2.6 மீட்டர். அந்த 1.6 மீட்டர் வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 4.7 மில்லிவினாடி ஆகும். மென்பொருளில் அதற்கு முன்பே சாளரத்தை (கணக்கில் எடுக்கும் நேரத்துண்டை) மூடிவிட்டால் தரையின் எதிரொலி கணக்கில் வராது. அதற்கு விலையாக, சுமார் 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வளைகோட்டை நம்ப முடியாது. நமக்கு அது தேவையும் இல்லை.

வூஃபரைத் தனியாக ஒருமுறை, ட்வீட்டரைத் தனியாக ஒருமுறை அளங்கள். இடையில் மைக்கைத் தொடவே கூடாது. ட்வீட்டரை அளக்கும்போது ஒலியளவைக் குறைத்து, 500 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். இரண்டு அளவுகளுக்கும் நேரக் குறிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருளில் அதற்கான வசதி உண்டு. வூஃபரின் கூம்பு உள்வாங்கி இருப்பதால் அதன் ஒலி 2 அல்லது 3 செ.மீ. பின்னாலிருந்து புறப்படுகிறது. 2.5 செ.மீ. என்று வைத்தால், 2200 ஹெர்ட்ஸில் அது 58 பாகை கட்ட வித்தியாசம்; அதாவது இரண்டு அலைகளின் ஏற்ற இறக்கங்கள் அவ்வளவு விலகி நிற்கும். அற்பம் என்று தள்ளிவிடக்கூடிய எண் அல்ல இது.

இம்பீடன்ஸையும், அதாவது ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் மாறும் மின்தடையையும், அளங்கள். நம் வூஃபரின் நேர்மின்தடை 5.8 ஓம், அதற்குள்ளேயே இருக்கும் காயிலின் தூண்டல் 0.7 மில்லிஹென்றி என்றால், 2200 ஹெர்ட்ஸில் அது ஆம்ப்ளிஃபயருக்குக் காட்டுவது 11 ஓமுக்கும் மேல். 8 எங்கே, 11 எங்கே!

படி 3: ஏற்றத்தைச் சமன் செய்யுங்கள்

ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்து வூஃபருக்கு இணையாக உட்கார்ந்தால் இம்பீடன்ஸின் அந்த ஏற்றம் அடங்கிவிடும். இதற்கு ஸோபல் என்று பெயர். ரெசிஸ்டர், நேர்மின்தடையைப்போல் 1.25 மடங்கு, கடையில் கிடைப்பது 7.5 ஓம். தூண்டலை ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தால் கெப்பாசிட்டர்: 12 மைக்ரோஃபாரட். இப்போது வூஃபர் ஏறக்குறைய 6 ஓம் ரெசிஸ்டர்போல் நடந்துகொள்ளும்.

படி 4: சூத்திரமும் அதன் எல்லையும்

சிக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட கட்டுரை வழியாகப் பரவிய லிங்க்விட்ஸ்-ரைலி அமைப்பில், பிரியும் இடத்தில் இரண்டு ஒலிகளும் 6 டெசிபல் இறங்கி, சேரும்போது நேர்கோடாகின்றன. ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் கொண்ட இரண்டாம் வரிசை வடிகட்டிக்கு காயில் = 0.3183 × ஓம் ÷ ஹெர்ட்ஸ்; கெப்பாசிட்டர் = 0.0796 ÷ (ஓம் × ஹெர்ட்ஸ்). 6 ஓமுக்கு 0.87 மில்லிஹென்றியும் 6 மைக்ரோஃபாரடும் வரும்.

இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. அளந்த வளைகோடுகளை ‘விட்யூயிக்ஸ்கேட்’ அல்லது ‘எக்ஸ்சிம்’ மென்பொருளில் ஏற்றி, அங்கே மதிப்புகளை மாற்றிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பெட்டி அகலத்தின் வேலை: 115-ஐ 0.2 மீட்டரால் வகுத்தால் 575 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவுவதால் முன்பக்கத்தில் 6 டெசிபல் வரை குறையும். சுவரை ஒட்டி வைக்கிற பெட்டிக்கு 3 அல்லது 4 டெசிபல் ஈடுகட்டினால் போதும். வூஃபரின் காயிலை 1.5 மில்லிஹென்றி பக்கம் உயர்த்துங்கள், மேல்பகுதி இறங்கிச் சமமாகும். அந்தக் காயிலுக்கும் 0.5 ஓம் அளவில் சொந்த மின்தடை இருக்கும். அதையும் மென்பொருளில் சேருங்கள்.

வூஃபர் 87 டெசிபலிலிருந்து 84-க்கு இறங்கிவிட்டது. ட்வீட்டர் 90-இல் நிற்கிறது. 6 டெசிபல் குறைக்க, 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 4 ஓம், இணையாக 8 ஓம். என் முதல் பெட்டியின் சீறலுக்கு மருந்து இந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான்.

மொத்த இம்பீடன்ஸ் எங்கேயும் 4 ஓமுக்குக் கீழே போகவில்லை என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

படி 5: தலைகீழ்ச் சோதனை

பாகங்களை முதலையிடுக்கிகளால் பெட்டிக்கு வெளியே இணைத்து, இரண்டையும் சேர்த்து அளங்கள். பிறகு ட்வீட்டரின் வயர்களை மாற்றிப் போட்டு மீண்டும் அளங்கள். ஏதாவது ஓர் இணைப்பில் 2200-ஐ ஒட்டி 20 டெசிபலுக்கு மேல் ஆழமான பள்ளம் விழுந்தால் கட்டங்கள் பொருந்திவிட்டன. பள்ளம் விழாத இணைப்பே உங்களுக்கு உரியது. அது நேராகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் மென்பொருளுக்குத் திரும்புங்கள்.

படி 6: பலகையில் பொருத்துதல்

ட்வீட்டர் பக்கம் ஃபிலிம் கெப்பாசிட்டர். ஸோபலுக்குத் துருவமற்ற எலக்ட்ரோலிட்டிக் போதும். ரெசிஸ்டர்கள் 10 வாட். காயில்களைத் தள்ளி வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்புங்கள். அருகருகே படுக்கவைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் புகும்.

ஒரு வாரம் பசை போடாதீர்கள். அந்த வாரத்தில் 4 ஓம் இருந்த இடத்தில் 3.3-ஐயும் 4.7-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு, நன்றாகப் பழகிய ஒரு குரலைக் கேளுங்கள். நான் 4.7-இல் நின்றேன்.