ரௌசே தீவின் மிட்ஹவ் கல்லறையை எப்படிப் பார்ப்பது

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேஸ்ஹவ் கல்லறை, ஸ்காரா பிரே கற்காலக் கிராமம் என்று பெரிய தீவையே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ரௌசேக்குப் போங்கள். புதிய கற்காலத்து மிட்ஹவ் கல்லறை அங்கேதான் இருக்கிறது, வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் நேராக அங்கே ஓடாதீர்கள். வழியில் இருக்கும் மூன்று சின்னக் கல்லறைகளை முதலில் பாருங்கள், அப்போதுதான் மிட்ஹவ் புரியும்.

பெரிய தீவின் டிங்வால் துறையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே படகு எகில்சே, வயர் தீவுகளுக்கும் போவதால் நேர அட்டவணையைக் கவனமாகப் பாருங்கள், கார் கொண்டுபோனால் முன்பதிவு அவசியம். கல்லறைகளுக்குக் கட்டணம் கிடையாது. பராமரிப்புக்காகச் சில சமயம் மூடிவைப்பார்கள், அதனால் முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். டார்ச், மழைக்கோட்டு, சாப்பாடு மூன்றும் கையில் இருக்கட்டும்.

ரௌசே படகுத்துறையிலிருந்து மேற்கே போனால் முதலில் டேவர்சோ டூயிக். 1898-இல் ஒரு ஜெனரல் கடலைப் பார்த்து உட்கார இருக்கை அமைக்கத் தோண்டியபோது வெளிப்பட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறைகள், மேல் அறைக்கு மேட்டுப் பக்கமிருந்தும் கீழ் அறைக்குப் பள்ளத்துப் பக்கமிருந்தும் தனித்தனி வாசல் வைத்திருக்கிறார்கள். இப்போது நாம் ஏணி வழியாகக் கீழே இறங்குகிறோம். அடுத்தது பிளாக்ஹாமர், நீளம் 13 மீட்டர், ஏழு பகுதிகள், அங்கே கிடைத்தவை இரண்டே பேரின் எலும்புகள். அப்புறம் யார்சோ. செங்குத்தான ஏற்றம்தான், ஆனாலும் விடாதீர்கள். அங்கே 29 பேரின் எலும்புகளோடு முப்பதுக்கும் மேற்பட்ட செம்மான்களின் எலும்புகளும் கிடைத்தன. யாரை வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பது கல்லறைக்குக் கல்லறை மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிட்ஹவ்வுக்குப் போங்கள்.

சாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சரிவு வழுக்கும், நல்ல ஷூ வேண்டும். கல்லறைக்குள் போவதற்கு முன்னால் கடலோரப் பாறைகளைப் பாருங்கள். பலகை பலகையாகப் பிளந்து கிடக்கும். உலோகக் கருவி எதுவும் இல்லாத மக்களால் இவ்வளவு நேர்த்தியாகச் சுவர் எழுப்ப முடிந்ததற்கு இந்தக் கல் ஒரு பெரிய காரணம்.

கல்லறையைக் காப்பாற்ற, 1930களில் தோண்டி முடித்தபின் அதன்மேல் ஒரு பெரிய கொட்டகையே கட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், பரவாயில்லை, உள்ளே போங்கள். மேலே நடைபாதை இருக்கிறது, அங்கிருந்து கீழே பார்த்தால் 23 மீட்டர் நீள அறை முழுவதும் தெரியும், மாட்டுத்தொழுவத்தில் இருப்பதுபோல நிமிர்ந்த கற்பலகைகளால் 12 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கல் மேடைகள் இருப்பதைத் தேடிப் பாருங்கள். 25 பேரின் எலும்புகள் இங்கே கிடைத்தன, சிலரை முழங்காலை மடக்கி, முதுகு சுவரைப் பார்க்க இந்த மேடைகளில் கிடத்தியிருந்தார்கள், வேறு சிலரின் எலும்புகள் குவியலாகக் கிடந்தன. வெளிச்சுவரில் கற்களைச் சாய்த்து அடுக்கிய வரிகளையும் விட்டுவிடாதீர்கள். மண்ணில் புதையப்போகும் கட்டிடத்துக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று எனக்கு இன்னும் வியப்புத்தான்.

பக்கத்திலேயே இரும்புக்காலத்து வட்டக் கோபுரம் நிற்கிறது. கல்லறைக்கும் அதற்கும் நடுவே மூவாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அங்கிருந்து கரையோரமாக ஒரு மைல் நடந்தால் பாழடைந்த செயின்ட் மேரி தேவாலயமும் வைக்கிங்குகள் வாழ்ந்த வெஸ்ட்நெஸ்ஸும் வரும். அதே கரையில் இருக்கும் ஸ்வாண்ட்ரோவில் இன்னொரு கற்காலக் கல்லறையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. 2010-இல் தொடங்கிப் பல கோடைகளாக, அலை முந்துவதற்குள் பதிவுசெய்துவிட வேண்டுமென்று ஆய்வாளர்கள் தோண்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள், நினைவுக்கென்று எடுத்துவரவும் வேண்டாம்.

நடந்தே வந்தவர்கள் மிட்ஹவ்விலிருந்து படகுத்துறைக்குத் திரும்ப இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கடைசிப் படகைக் கணக்குப்போட்டு, அதற்கு முந்தைய படகைப் பிடிக்கும்படி கிளம்புவது நல்லது.