வீட்டு வீடியோ டிவியில் ஓடவில்லையா? ஸ்டிக்கை மாற்றும் முன் திருத்த வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் கல்யாண கேசட், நாலைந்து சிடி, மருமகன் யாரோ காப்பி செய்து கொடுத்த ஹார்ட் டிஸ்க் என்று ஏதாவது இருக்கும். கூடத்து டிவியில் அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் பெரியவர்களின் ஆசை. அதற்காக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (டிவியில் செருகி இணையப் படங்களைப் பார்க்கும் சிறு கருவி) வாங்குகிறார்கள். சினிமா ஆப்கள் நன்றாக ஓடுகின்றன. சொந்த வீடியோதான் தகராறு செய்கிறது. படம் வந்தால் சத்தம் வருவதில்லை, இரண்டும் வந்தால் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

அந்த ஆப்கள் தங்கள் படங்களை ஒவ்வொரு கருவிக்கும் தோதான வடிவத்தில் முன்கூட்டியே தயார் செய்து அனுப்புகின்றன. நம் பீரோவில் இருப்பதோ முப்பது நாற்பது வருடங்களில் ஏதேதோ கேமராக்களில் எடுத்தது. அதனால் வேறு ஸ்டிக் வாங்கிப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. இந்த ஸ்டிக்குகளும் பெட்டிகளும் நிலையானவையும் அல்ல. 2013இல் வந்த குரோம்காஸ்ட் என்ற ஸ்ட்ரீமிங் கருவி வரிசையின் தயாரிப்பை கூகுள் 2024இல் நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் கருவிக்குள் இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் பல நாடுகளில் சில நாட்கள் வேலை செய்யவில்லை. நாளை எந்தப் பெட்டி வந்தாலும் ஓடும்படி நம் வீடியோக்களை ஒழுங்கு செய்து வைப்பதுதான் சரியான வழி.

ஃபைல் பெயரின் வாலை மட்டும் பார்ப்பது

‘எம்பி4 தானே, ஓட வேண்டியதுதானே’ என்று கேட்பவர்கள் நிறைய. எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் தூக்குச்சட்டி மாதிரி. உள்ளே இருப்பது சாம்பாரா மோரா என்று சட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது, ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது தனித்தனி விஷயம். பல ஸ்டிக்குகள் எச்.264 என்ற முறையில் சுருக்கிய படத்தை எளிதாகக் காட்டும். பழைய டிவிடியின் எம்பெக்-2 என்றால் சிலவற்றில் திணறும். ஏசி3, டிடிஎஸ் முறைகளில் சுருக்கிய ஒலியைப் பிரித்துப் படிக்கும் வசதி எல்லாக் கருவிகளிலும் இல்லை. நாதஸ்வரக்காரர் ஊதுவது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஃபைலைத் திறந்து ‘கோடெக்’ (சுருக்கிய முறை) விவரத்தைப் பாருங்கள். ஒலி மட்டும் பிரச்சினை என்றால் ஒலியை மட்டும் ஏஏசி என்ற ஒலி முறைக்கு மாற்றினால் போதும். படத்தைத் தொட வேண்டியதில்லை. படத்தையும் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 ஃபைல் என்ற சேர்க்கை ஏறக்குறைய எங்கும் ஓடும். போனில் எடுத்த புது வீடியோக்களில் பல எச்.265 என்ற புதிய முறையில் இருக்கும். ஐபோன்களில் 2017 முதல் அதுதான் வழக்கம். பழைய ஸ்டிக் சிலவற்றுக்கு அது புரியாது.

டிவிடியைத் துண்டு துண்டாகக் காப்பி எடுப்பது

கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் திறந்தால் விஓபி என்று முடியும் ஃபைல்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் இருக்கும். டிவிடியின் விதியே அப்படி. எங்கே வெட்டுவது என்று வீடியோகாரர் முடிவு செய்ததில்லை. ஊஞ்சல், மாலை மாற்றுதல் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும். கெட்டிமேளம் தொடங்கித் தாலி ஏறும் நொடியில் ஃபைல் முடிந்துவிடும். அடுத்த துண்டைத் திறந்தால்தான் பாட்டிமார் அட்சதை போடுவது வரும். இந்தத் துண்டுகளைத் தனித்தனியாகப் பென் டிரைவில் போட்டு, ‘படம் குதிக்கிறது’ என்று ஸ்டிக்கைத் திட்டுபவர்கள் அதிகம். மேக்எம்கேவி போன்ற மென்பொருளில் டிவிடியை அப்படியே கொடுத்தால் முழுதும் ஒரே ஃபைலாகத் தரம் குறையாமல் வந்துவிடும். அதை மூலமாக வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குத் தனியாக ஒரு எம்பி4 எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. பழைய கேமராக்கள் விநாடிக்கு 25 படங்களை ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு பாதியாகப் பதிவு செய்தன. இதைச் சரிசெய்யாமல் படத்தின் அளவை மட்டும் மாற்றினால், யாராவது கையை அசைக்கும்போது சீப்புப் பல் போல கோடுகள் தெரியும். அப்படிப் பதிந்துவிட்டால் அப்புறம் நீக்குவது மிகக் கடினம். ஹேண்ட்பிரேக்கில் இதைச் சரிசெய்யும் ‘டீஇன்டர்லேஸ்’ போட்டுவிட்டு மாற்றுங்கள். அடுத்தது படத்தின் அகலம். 4:3 என்ற பழைய டிவியின் அகல உயர விகிதத்தில் எடுத்த படத்தை அகலமான டிவிக்கு இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஜூம் செய்தால் மணமேடையில் நிற்பவர்களின் தலை போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும், அதுதான் சரியான படம்.

கேசட் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதற்கு முதலிடம் கொடுங்கள். கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படி இருந்தால் வீட்டு விசிஆரில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவும் கெடும், நாடாவைப் படிக்கும் விசிஆரின் ஹெட்டும் கெடும், அதில் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். டிவிடியாக மட்டும் வாங்காமல் முதலில் பதிவான பெரிய ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

இன்டர்நெட் பிளானை ஏற்றுவது

இதில் பணம் வீணாவது போல வேறெதிலும் ஆவதில்லை. வீட்டு லேப்டாப்பிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும் வீடியோ டிவிக்குப் போவதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். லேப்டாப்பிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து டிவி, அவ்வளவுதான் பயணம். பிளானை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பாதை அகலமாகாது.

பழைய அக்ரகார வீடுகளில் இது நன்றாகத் தெரியும். ரூட்டர் வாசல் பக்கம் ரேழியில் இருக்கும், ஃபைபர் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். டிவி கூடத்தில். லேப்டாப் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில். நடுவே சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. டிவிடி வீடியோவுக்கு விநாடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேல் தேவைப்படாது, ஆகவே அது ஓடிவிடும். அதே வீட்டில் போனில் எடுத்த 4கே வீடியோ விநாடிக்கு 50 மெகாபிட்டோ அதற்கு மேலோகூடக் கேட்கலாம், அதுதான் சுற்றிக்கொண்டு நிற்கிறது. லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைத்தால் பாதிப் பாரம் குறையும். ஸ்டிக்குக்கும் கேபிள் அடாப்டர் கிடைக்கும். போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிரரிங் இதற்குத் தீர்வாகாது. தரம் குறையும், நடுவில் யாராவது போன் செய்தால் அதுவும் டிவியில் வரும்.

லேப்டாப்பில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற, வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள் போட்டிருந்தால், லேப்டாப் தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றுங்கள். ஆப்பில் தரத்தை ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள். இல்லையென்றால் வீடியோவை உடனுக்குடன் சுருக்கி அனுப்ப முயன்று பழைய லேப்டாப் திணறும். அதில் வீடியோ நூலகத்தைச் சேர்க்கும்போது ‘சினிமா’ என்ற வகையைத் தேர்ந்தெடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் ஆப் இணையத்தில் பெயரைத் தேடி, அத்தை கல்யாணத்துக்கு ஏதோ ஒரு படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும். ‘ஹோம் வீடியோ’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் பெயரை வருடம், மாதம், தேதி, நிகழ்ச்சி என்ற வரிசையில் வைத்தால் தானாக வரிசையாகும்.

மின்சாரமும் ஹார்ட் டிஸ்க்கும்

ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்தே எடுத்தால் அது பற்றாமல் ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழலாம். கூடவே வந்த அடாப்டரைப் பயன்படுத்துங்கள். பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவில்லை என்றால் அது ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ஃபேட் ஆக மாற்றலாம், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே காப்பி எடுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஹார்ட் டிஸ்க் அணைந்தால் மொத்தமும் திறக்காமல் போகலாம். காப்பி போடும் வேலையை மட்டுமாவது இன்வெர்ட்டரில் இருக்கும் பிளக்கில் செய்யுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒரே ஒரு காப்பி வைத்திருப்பது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரையும் ஓடும் போன வீடுகளில் பீரோவும் நனைந்தது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை அதே பீரோவில் வைக்காமல், திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளை வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உறவினர்களிடம் வீடியோ கேட்டு வாங்கும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். 2016 மகாமகத்தில் குடும்பத்தோடு எடுத்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் சுருங்கிய வடிவில் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகள் உண்டு. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது.

யார் யார் என்று எழுதாமல் விடுவது

இதைப் பெரும்பாலோர் தவறாகவே நினைப்பதில்லை. எனக்கு இதுதான் மிகவும் முக்கியம். படம் தெளிவாக ஓடுகிறது, ஆனால் பந்தியில் இலைபோடுபவர் யார், மணமகளுக்குப் பின்னால் குழந்தையோடு நிற்பவர் யார் என்று சொல்ல பெரியம்மா ஒருவர்தான் மிச்சம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டி, நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். சொல்வதைச் சப்டைட்டில் ஃபைலாகவே எழுதலாம். சாதாரண நோட்பேட் போதும். முதலில் வரிசை எண், அடுத்த வரியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதற்கும் அடுத்த வரியில் ‘திருவாரூர் சித்தப்பா, பக்கத்தில் அவர் மூத்த மகள்’ என்று பெயர்கள். வீடியோவின் பெயரையே இதற்கும் வைத்து, எஸ்ஆர்டி என்ற வாலைச் சேர்த்து, அதே ஃபோல்டரில் போடுங்கள். டிவியில் வீடியோ ஓடும்போது அந்தந்த முகம் வரும் இடத்தில் பெயர் கீழே வரும். சேமிக்கும்போது ‘யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் தெரியும்.