சிறையில் இருக்கும் கர்ப்பிணிக்கு வீட்டார் வைக்க வேண்டிய நோட்டு

பாலக்கோட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். கர்ப்பிணிப் பெண் கைதானால் வீட்டார் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள்; அவளுடைய தாய் சேய் நல அட்டை துணிப்பையிலேயே கிடக்கிறது. அதை முதலில் எடுங்கள். மூன்று ஜெராக்ஸ் போட்டு வக்கீலிடம் ஒன்று, சிறை மருத்துவருக்கு ஒன்று, வீட்டில் ஒன்று என்று வையுங்கள். அட்டையில் உள்ள 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு வந்து கர்ப்பத்தைப் பதிவே செய்யாத பெண் என்றால், உங்கள் ஊர் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

ரிமாண்டு செய்யும்போதே, அதாவது நீதிபதி காவலில் வைக்க உத்தரவிடும்போதே, அவள் கர்ப்பமாக இருப்பதை நீதிபதியிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். கர்ப்பிணியை அனுப்பும் சிறையில் பிரசவத்துக்கும் அதற்கு முன்பின் கவனிப்புக்கும் குறைந்தபட்ச வசதி இருக்கிறதா என்று உறுதி செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பெண் என்பதைக் கணக்கில் எடுத்து ஜாமீன் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வக்கீலுக்குப் பணமில்லையா, 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அப்புறம் நோட்டு. மனு போட்டு அவளைச் சிறையில் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதுங்கள். இரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை பார்த்தார்களா, இரும்புச்சத்து மாத்திரை தினமும் கைக்கு வருகிறதா, குழந்தை அசைகிறதா, அடுத்து ஆஸ்பத்திரிக்கு என்றைக்கு. "நல்லா இருக்கேன்" என்று அவள் சொல்வதோடு விடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, அசைவு குறைவது, இதில் எது இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அங்கேயே சிறை அலுவலரிடம் சொல்லி, எழுதியும் கொடுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் வருவது வழிக்காவலில்தான், அதாவது சிறையிலிருந்து வெளியே கூட்டிப்போகும் போலீஸ் காவலில். ஸ்கேன் தேதி இருக்கும், கூட்டிப்போகப் போலீஸ் வராது, தேதி போய்விடும். ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவர், படிப்பு குறைவு, மருமகளுக்குத் தவறிய தேதிகளைக் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தார். வக்கீல் அந்தத் தாளை வைத்துத்தான் மனு போட்டார், ஸ்கேனுக்கு உத்தரவு கிடைத்தது. அதனால் தேதிக்குச் சில நாள் முன்பே சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தேதி தவறினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதுங்கள். ரிமாண்டு நீட்டிப்புக்காக வீடியோவில் நீதிபதி முன் வரும்போது அவளே வாய்திறந்து சொல்லலாம். பயப்படாமல் சொல்லச் சொல்லி முன்பே தைரியம் கொடுங்கள்.

பிரசவம் முடிந்தவரை சிறைக்கு வெளியே, ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் சிறை என்று வரக்கூடாது, இருக்கும் பகுதியின் பெயர் மட்டும் போதும். இதுவும் அந்த 2006 தீர்ப்பில் இருக்கிறது. பிரசவ வலியின்போதும் பெற்றவுடனும் விலங்கு பூட்டக்கூடாது என்கின்றன பெண் கைதிகளுக்காக 2010-ல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள்.

குழந்தை பிறந்ததும் நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில். ஆறு வயது வரை குழந்தை தாயோடு உள்ளே இருக்கலாம், அதுவரை தடுப்பூசித் தேதிகளையும் நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஜாமீன் கிடைத்தால், சிறையிலிருந்து கிளம்பும் முன் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அதையும் நோட்டையும் சேர்த்தே கொடுங்கள்.