பதிவு எழுதுவதால் பதில் தாமதமாகாமல் இருக்க

கல்முனையில் ஒரு நெல் ஆலையின் பின்னறையில் இருந்த சேவரை நான் கவனித்து வந்தபோது, அறுவடைக் காலத்தில் அதன் இணையதளத்தில் விலை பார்க்க வருவோர் பெருகப் பெருக, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அணுகல் பதிவில் (யார் எப்போது எதைக் கேட்டார் என்ற குறிப்பில்) ஒரு வரியை உடனுக்குடன் பழைய வன்தட்டில் எழுதியதே பதில்களைத் தாமதப்படுத்தியது.

என்ஜின்எக்ஸ் (nginx) என்னும் இணையச் சேவர் மென்பொருளின் அமைவுக் கோப்பில் அணுகல் பதிவுக்கான வரியின் முடிவில் பஃபரை (buffer, வரிகள் காத்திருக்கும் நினைவக இடம்) 32 கிலோபைட் என்றும் ஃபிளஷை (flush, அவை வட்டில் எழுதப்படும் வரையான நேரம்) 5 விநாடி என்றும் சேருங்கள். வரிகள் நினைவகத்தில் திரண்டு, இடம் நிரம்பியதும் அல்லது நேரம் கடந்ததும் மொத்தமாக எழுதப்படும். அமைவைச் சோதித்த பின்னரே மீளேற்றுங்கள். புதிய வரி உடனே தென்படாது. பதறாமல் சற்றுப் பொறுங்கள். படக் கோப்புகளுக்குப் பதிவையே நிறுத்திவிடலாம். மின்சாரம் திடீரென நின்றால் கடைசிச் சில விநாடிகளின் வரிகள் தொலையும் என்பதால், பணக் கொடுக்கல் வாங்கலை இதில் அல்லாமல் தரவுத்தளத்திலேயே பதியுங்கள். பிழைப் பதிவுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.