கிராம சபையில் எல்லோருக்கும் பேச முறை கிடைக்க என்ன செய்யலாம்?

பண்ருட்டிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே தினக் கிராம சபைக் கூட்டம். எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்று இரண்டு பேர் ஆரம்பித்த வாக்குவாதம் இரண்டு மணி நேரம் ஓடியது. மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதைச் சொல்ல வந்த ஓர் அக்கா, வெயில் ஏறியதும் எழுந்து போய்விட்டார். அவர் குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறவே இல்லை. அவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கூட்டங்கள். 7 நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். கோரமும் (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு) உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நாம் போடும் ஒழுங்கு இதற்குள்தான் அடங்க வேண்டும்.

2. கோரிக்கையை முன்கூட்டியே கொடுங்கள்

அரசு அனுப்பும் கூட்டப் பொருள்களை வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அதனால் ஊர்க் கோரிக்கைகளை வார்டு வாரியாக எழுதி, நான்கைந்து நாள் முன்பே ஊராட்சி செயலரிடம் கொடுத்துவிடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்க மறக்காதீர்கள்.

3. பேசும் முறை

கூட்டம் தொடங்கியதும் ஊராட்சித் தலைவர் (தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர்) இவற்றைச் சத்தமாக வாசித்து, கைதூக்கச் சொல்லி ஒப்புதல் வாங்கட்டும்:

- பேச விரும்புகிறவர் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு வார்டு உறுப்பினர் எழுதித் தரட்டும்.
- ஒருவருக்கு 3 நிமிடம். பட்டியலில் உள்ள எல்லோரும் ஒருமுறை பேசிய பிறகுதான் யாருக்கும் இரண்டாம் முறை.
- பேச்சு தலைவரைப் பார்த்து. எதிரே நிற்பவரைப் பார்த்துப் பேசினால் பழைய வரப்புத் தகராறு வரை வந்துவிடும்.

நேரம் பார்க்கும் வேலையைத் தலைவர் தலையில் கட்டாதீர்கள். எந்தப் பக்கமும் சாயாத ஒருவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதும் அக்கா மாதிரி ஒருவர், போனில் மணி வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். முதல் கூட்டத்தில் முணுமுணுப்பு வரும், பரவாயில்லை. பெண்கள் பெயர் கொடுக்கத் தயங்கினால் முதல் 5 பெயர் அவர்களுடையதாக இருக்கட்டும் என்று முடிவு செய்யலாம். நான் இதை வலியுறுத்தியே சொல்வேன்.

4. தீர்மானத்தை அங்கேயே எழுதுங்கள்

‘வாய்க்கால் சரிசெய்யப்படும்’ என்று எழுதினால் எந்த வாய்க்கால் என்று பிறகு யாருக்கும் தெரியாது. ‘3-ஆவது வார்டு, மாரியம்மன் கோயில் தெரு வாய்க்காலைப் பருவமழைக்கு முன் தூர்வார வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை மைக்கில் ஒருமுறை வாசிக்க வேண்டும். வந்ததும் வருகைக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளில் தீர்மானத்துக்கென்று வெற்றிடம் விட்டிருந்தால் ஏன் என்று உடனே கேளுங்கள்; பிறகு அதில் எதையும் எழுதிவிடலாம்.

அப்புறம், கிளம்பும் முன் தீர்மானம் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் போன முறை போட்ட தீர்மானங்கள் என்ன ஆயின என்று முதல் பொருளாகக் கேட்க அது வேண்டியிருக்கும்.